2054 வரை காத்திருக்க முடியாது

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1984 நவம்பரில் காலமானார். எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு கழியும்வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்கிறது, இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகப் போன அந்த மனிதர் எழுதியதெல்லாம் 2054 டிசம்பர் முடியும்வரை பூட்டுக்குள் இருக்கும். முன்பிருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் 50 ஆண்டு என்றுதான் வைத்திருந்தது. அது நீடித்திருந்தால் 2034. இந்தியச் சட்டத்தில் 60 ஆண்டு. ஒரே புத்தகம் 2044 முடிந்ததும் சென்னையில் எல்லாருக்கும் சொந்தமாகிவிடும். தலவாக்கலையில் மட்டும் இன்னும் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் சென்னையில் அச்சாகி வந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியைத் திட்டியது, கண்டிச் சீமைக்கு நடந்து வந்த துயரம் என்று எங்கள் பாட்டிமார் கொழுந்து மலையிலும் தொட்டிலடியிலும் பாடியவை. பாடியவர்கள் யாரும் காசு கேட்கவில்லை. தொகுத்தவர் தன் காலத்தையும் உழைப்பையும் கொடுத்துத் தொகுத்தார். இன்றைக்கு உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் புத்தகத்தைக் கேட்டால், பழைய பிரதி வைத்திருக்கும் யாரிடமாவது இரவல் கேட்டுப் பார் என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. மலையக எழுத்தில் பெரும்பகுதியின் நிலைமை இதுதான். ஒரு தடவை அச்சாகும். வெளியீட்டு விழாவில் நண்பர்கள் வாங்குவார்கள். மிச்சம் ஆசிரியரின் கட்டிலுக்கடியில் ஈரம் பிடிக்கும். புத்தகம் இருக்காது, அதன் உரிமை மட்டும் உயிரோடு இருக்கும்.

ஒன்றைப் பார்த்து எழுத அனுமதி கேட்க வேண்டும், எழுதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்து மாஸ்டர். அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. பழைய செக்ரோல் அட்டையை வெட்டி மேலட்டையாகத் தைத்திருப்பார். மன்மதன் பாட்டு, ரதி புலம்பல், தூதன் வரவு எல்லாம் அதில்தான். விளக்கெண்ணெய் பட்டுப் பட்டு ஓரங்களெல்லாம் மஞ்சளித்து, தாள் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். மாசி மாதம் காமன் ஊன்றுவதற்கு முன்பு, பாட்டு வேண்டுமென்று வருகிற பையன் வெற்றிலை பாக்கோடு ஒரு ரூபாய்க் குற்றி வைத்துக் கும்பிட வேண்டும். கொப்பி வீட்டைவிட்டு வெளியே போகாது. இஸ்தோப்பில் உட்கார்ந்து, மாஸ்டர் கண்முன்னாலேயே பார்த்து எழுத வேண்டும். முதல் பக்கத்தில் பாட்டு வராது. மாஸ்டரின் பெயர், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயர், அவருக்கும் முந்தியவர் இந்தியாவில் எந்த ஊர் என்பது, கடைசியில் எழுதுகிறவனின் பெயர். இந்த வரிசை இல்லாத கொப்பியை வைத்துக்கொண்டு அடுத்த டிவிஷனில் கூத்துப் போட்டால், “யாரு கொப்பிய பாத்துடா எழுதுன?” என்று சபையிலேயே கேட்டுவிடுவார்கள்.

அந்த மாஸ்டர் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவருடைய கூத்து ஏழெட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது இந்தக் கைப்பிரதிகளால்தான். பிரதி எடுக்க எடுக்க அவர் பெயர் வளர்ந்தது.

இப்போது அதே கூத்து கைத்தொலைபேசியில் வருகிறது. கம்பம் பாலிப்பதிலிருந்து காமன் எரிப்பதுவரை முழுவதையும் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். லண்டனிலும் டொரோண்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அது பெரிய காரியம். ஆனால் மூலையில் ஏற்றியவரின் சேனல் பெயர் இருக்கும். எந்தத் தோட்டம், யார் மாஸ்டர், தப்பு அடித்தவர் யார் என்பது இருக்காது. அடுத்தவர் அதை இறக்கி, பழைய சேனல் பெயரை மறைத்துத் தன் பெயரைப் போட்டு மறுபடி ஏற்றுவார். கையால் எழுதிய காலத்தில் பிழைத்திருந்த பெயர், ஒரு தட்டில் ஆயிரம் பிரதி எடுக்க முடிகிற காலத்தில் தொலைந்துபோகிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாட்டார் வழக்காறுகளுக்கென ஒரு பிரிவு இருக்கிறது, 24ஆம் பிரிவு. அச்சிட்டாலும் ஒலிபரப்பினாலும் அது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும் என்கிறது. மாஸ்டர் இஸ்தோப்பில் சொன்னதை நாடாளுமன்றமும் சொல்லியிருக்கிறது. தோட்டத்தில் இந்தப் பிரிவு இருப்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் எதுவும் சுலபமாக வந்துவிடாது. அத்துமீறிப் புகுவோரைத் தண்டிக்கும் சட்டம் துரைமார் கையில் இருந்தது. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி, சின்னச் சின்னப் பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களில் தானே பாடினார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புதிய சொற்களை வைத்தார். அச்சுத்தாள் கைக்கு வராதவர்களுக்கும் பாட்டு வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டுப் போவதை வாசலில் நிற்கும் காவல்காரனால் தடுக்க முடியவில்லை. மெட்டை இரவல் வாங்கியதை இன்றைய ஒலித் தளங்களின் இயந்திரம் கேட்டால் அறிவித்தல் அனுப்பிப் பாட்டை முடக்கவும் கூடும். நடேசய்யர் 1947இல் இறந்தார். அவர் எழுத்துகளின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று அவற்றை யாரும் அச்சிடலாம், யாரும் இணையத்தில் போடலாம். செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் வந்தது கேசட். ஹட்டனில் ரெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்தால், 60 நிமிட டீடீகே கேசட்டில் இரண்டு பக்கமும் பாட்டு அடித்துத் தருவார்கள். சம்பளம் வந்த கையோடு கொடுத்தால் அடுத்த சனிக்கிழமை கிடைக்கும். ஒரு கேசட் லயம் முழுவதும் சுற்றும். கம்பெனி கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னத் தகடுகளை உடைத்து அனுப்புவார்கள், அதன்மேல் வேறெதுவும் பதியக்கூடாது என்பதற்காக. அந்த ஓட்டையில் பேப்பரை மடித்துத் திணித்துவிட்டால் ரெக்கோடர் பதிந்துவிடும். சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் அப்படித்தான் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரு கேசட் இன்னும் இருக்கிறது. மேலே முருகன் பக்திப் பாடல்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே என் சின்னம்மா தன் மகளோடு பேசுகிறாள், நடுவில் அழுகிறாள், பிறகு செத்துப்போன பசுவைப் பற்றிச் சொல்கிறாள். முடிவில், அழித்துவிடாமல் தப்பிய பழைய பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் கேட்கும்.

சட்டப்படி அந்தப் பட்டியல் கேசட்டுகள் எல்லாம் திருட்டு. தீபாவளிக்கு ஆளுக்கு இவ்வளவென்று காசு போட்டு, டெக்கும் டிவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நான்கு படம் பார்த்தோமே, அந்தக் கேசட்டுகளில் எதற்கும் உரிமை வாங்கியிருக்க மாட்டார்கள். ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்களிடம் விற்க ஒருவரும் வரவில்லை. தோட்டத்துச் சம்பளத்தில் அசல் வாங்கும் சக்தியும் இல்லை, வாங்க மலைமேல் கடையும் இல்லை. பிரதி எடுக்காதிருந்தால் பாட்டு எழுதியவருக்கு ஒரு சதம்கூடக் கூடியிருக்காது, எங்களுக்குப் பாட்டு மட்டும் இல்லாமல் போயிருக்கும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கூலி போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கூலிக்காகப் பரம்பரை பரம்பரையாகப் போராடிய மக்கள் நாங்கள், அடுத்தவன் கூலியை மறுக்க மாட்டோம். கூலி வாங்கும் வழியை ஏழை நுழையக்கூடிய அகலத்தில் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது விற்பவர்கள் மலையேறி வந்துவிட்டார்கள். டேட்டா கார்ட் போட்டால் எந்தப் பாட்டும் கேட்கலாம், ரீலோட் முடிந்தால் பாட்டும் முடிந்துவிடும். அன்றைக்குச் சட்டவிரோதமாக வாங்கிய கேசட் 40 ஆண்டு கழித்தும் என்னுடையதாக இருக்கிறது. இன்றைக்கு முறைப்படி காசு கட்டிக் கேட்கும் பாட்டு யாருக்கும் சொந்தமாவதில்லை, இரவல் கொடுக்கவும் முடியாது.

ஆசிரியராக இருந்த காலத்தில் போட்டோ கொப்பி இல்லாமல் எங்கள் வகுப்பு நடந்ததில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வழிகாட்டி ஒன்று வகுப்புக்கு வரும். ஒருவரால்தான் வாங்க முடிந்திருக்கும். கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து மிச்சப் பிள்ளைகளுக்குப் பிரதி எடுப்போம். கடைக்காரர் தன் மகளுக்கும் ஒன்று எடுத்துக்கொள்வார். நம் சட்டம் கற்பித்தலுக்காக வகுப்பறைக்குப் பல பிரதி எடுப்பதை நியாயமான பயன்பாட்டில் சேர்த்திருக்கிறது, ஆனால் தனியாள் ஒருவர் தன் சொந்தத் தேவைக்காக ஒரு முழுப் புத்தகத்தைப் போட்டோ கொப்பி எடுப்பதற்கு இடம் தரவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ராமேஸ்வரி என்ற போட்டோ கொப்பிக் கடைமீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைத் தொகுத்துப் பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2016 செப்டெம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் பலர் கடையின் பக்கம் நின்றார்கள். அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டாது. இருந்தாலும் அதைப் படித்த அன்று நான் நினைத்தது எங்கள் கொமியுனிகேஷன் கடையைத்தான்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடமெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனது. எங்கள் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் இடம் தண்ணீர்த் தொட்டி மேடு. பின்னேரம் கொழுந்து நிறுத்ததும் அம்மாமார் போனைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேட்டில் ஒரு பிள்ளை பிடிஎஃப்பை இறக்கும். டேட்டா இல்லாத மற்றப் பிள்ளைகள் அதன் போனைச் சுற்றி நின்று ஷெயாரிட்டில் வாங்கிக்கொள்ளும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளையின் டேட்டா. கொழும்பிலிருந்து வரும் டியூசன் குறிப்புகளில் ‘பகிரக் கூடாது’ என்று குறுக்கே எழுதியிருக்கும். பகிராவிட்டால் அந்த மேட்டில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. மலையகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து இலவசமாக வினாத்தாள் தயாரித்த இளம் ஆசிரியர்களின் பெயரை வெட்டி எடுத்துவிட்டு, வேறு நிலையங்கள் தங்கள் முத்திரையோடு விட்டன. சட்டத்தில் எழுதியவரின் பெயருக்கான உரிமை பணத்துக்கான உரிமையிலிருந்து தனியாகவே இருக்கிறது. பகிர்ந்த பிள்ளையைவிட, பெயரை வெட்டியவரைத்தான் நான் குற்றவாளி என்பேன்.

முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் கடிதம் ஒபீசுக்குத்தான் வரும். பெரட்டில் கொடுப்பார்கள், சில சமயம் கொடுக்க மாட்டார்கள். அந்தத் தபாலுக்காகத் தொழிற்சங்கங்கள் பேசியிருக்கின்றன. வாட்ஸ்அப் வந்தபோது இனி ஒபீசைத் தாண்ட வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை நடந்தபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கத் தொடங்கியபோது மறுபடியும். வதந்தி உயிரைக் குடிக்கும் என்பதைக் கண்டி மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்களில் ரியாத்திலும் தோகாவிலும் வேலை செய்யும் பெண்களுக்கு வீட்டில் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியவில்லை. விபிஎன் போடத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள், தெரியாத தாய்மார் தவித்தார்கள். 2024இல் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்குப் போனது. துரையின் ஒபீஸ் மலையடிவாரத்தில் இருந்தது, நேரே போய்ச் சண்டை போடவாவது முடிந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். 2005இல் ஈழத்து நூல்களுக்கென்று நூலகம் திட்டம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காதவர்கள் ஒவ்வொரு நூலாக மின்வருடி ஏற்றினார்கள், எழுதியவர்களிடம் அனுமதியும் கேட்டார்கள். அட்டை இல்லாத மலையகச் சிறுசஞ்சிகைகளையும் தோட்டத்துக் கோயில் மலர்களையும் தொழிற்சங்கப் பிரசுரங்களையும் அங்கே பார்க்கலாம். பொகவந்தலாவையில் இருந்துகொண்டு பார்க்கலாம், காசு வேண்டாம்.

அனுமதி கிடைக்காமல் நிற்பவைதான் என் கவலை. காலமான எழுத்தாளர் ஒருவரின் மகனை நான் ஒருமுறை தேடிப் போனேன். கொழும்பில் கடையில் வேலை, விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்தார். அப்பாவின் சிறுகதைத் தொகுப்பை இணையத்தில் போட உங்கள் கையெழுத்து வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்பா பொஸ்தகத்த இன்னும் யாராச்சும் கேக்குறாங்களா சேர்?” என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு அவரே உள்ளே போய், அச்சேறாத இரண்டு கொப்பிகளையும் எடுத்து வந்து கொடுத்தார். எத்தனையோ பேரின் வாரிசுகள் எங்கே என்றே தெரியாது. சிலர், தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை, கேட்காமல் போட முடியாது. பூட்டு இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் கோத்தகிரியிலா கூடலூரிலா என்று தெரியாது.

பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசாங்கம் வாங்கியது, பிறகு மக்களுக்கே கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். இங்கே மலையக எழுத்தாளரின் குடும்பத்துக்கு அப்படி ஒரு தொகை கொடுத்து நூலைப் பொதுவாக்க வேண்டும் என்று கலாசார அமைச்சை நாம் கேட்க வேண்டும். மலையக மக்கள் இங்கே வந்த 200 வருட நினைவுக்கு ஊர்வலம் போனோம், இதையும் அந்தக் கோரிக்கைகளோடு சேர்த்திருக்கலாம். இனியும் சேர்க்கலாம்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். மலையகத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரையும், எழுதிப்போனவர்களின் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். ‘என் நூலை, என் பெயரையும் என் தோட்டத்தின் பெயரையும் மாற்றாமல், யாரும் படிக்கவும் பிரதி எடுக்கவும் இணையத்தில் போடவும் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திகதி போடுங்கள். விற்பனை உரிமை வேண்டுமானால் அதை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அந்தத் தாளைப் படம் பிடித்து நூலகம் திட்டத்துக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியை வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.